ஐந்து கால் நாற்காலி

சாஃப்ட்வேர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. இதனால் நஷ்டம் யாருக்கு?

டில்லி நேரு பிளேஸிலோ மும்பை லாமிங்டன் ரோட்டிலோ கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கடைப் பையன் விண்டோஸை ஏற்றி முடித்ததும், கேட்காமலேயே இன்னும் மூன்று நான்கு சாஃப்ட்வேர்களை ஏற்றுவான். அவற்றில் ஒன்றின் அடையாளம் ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு கூம்பு. சாலையில் பள்ளம் தோண்டும்போது போக்குவரத்தைத் திருப்பிவிட வைக்கிறார்களே, அதே கூம்பு. எதைப் போட்டாலும் ஓடும் என்பதுதான் அவன் தரும் ஒரே விளக்கம். சாஃப்ட்வேரின் பெயர் வி.எல்.சி. அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டால் பையனுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரியாததால் இருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

விரிவு இருக்கத்தான் செய்தது. 1996இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுதியின் கம்ப்யூட்டர் வலையமைப்பு மந்தமாக இருக்கிறதே என்று நொந்துகொண்டிருந்தார்கள். வேகமான வலையமைப்பு வேண்டுமென்றால் அதற்கு நியாயமான ஒரு காரணம் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டு காரணம் ஆகாது. அப்போது உருவானதுதான் அந்தத் திட்டம்: அறைக்கு ஓர் ஆண்டெனா வைப்பதற்குப் பதிலாக, சாட்டிலைட் டி.வி. நிகழ்ச்சிகளை ஓரிடத்தில் வாங்கி, வலையமைப்பு வழியாக ஒவ்வோர் அறையின் கம்ப்யூட்டருக்கும் அனுப்புவது. ஒரு வளாகத்துக்குள் ஓடும் வலையமைப்புக்கு லேன் என்று பெயர். அதில் வீடியோ ஓடுவதால் வீடியோலேன். அனுப்புகிற பாதி வீடியோலேன் சர்வர். வாங்கிக் காட்டுகிற பாதி வீடியோலேன் கிளையன்ட். பின்னதன் சுருக்கம்தான் வி.எல்.சி. கூம்புக்கும் அங்கேயே கதை உண்டு. மாணவர் வலையமைப்புச் சங்கத்தார் தெருக்கூம்புகளைக் கொண்டுவந்து சேர்த்துவைத்திருந்தார்கள். அதுவே சின்னமாயிற்று.

2001 பிப்ரவரி 1 அன்று, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் அது வெளிவந்தது. அதற்குப் பிறகு பெயருக்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சர்வர் செய்த வேலைகளை வி.எல்.சி.யே செய்யத் தொடங்கியதால் சர்வர் கைவிடப்பட்டது. சர்வர் இல்லாதபோது கிளையன்ட் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவது வலையமைப்பில் வருவதைப் பார்க்க அல்ல, தங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும் கோப்பைப் பார்க்க. ஆகவே லேனும் போயிற்று. பலர் அதில் பாட்டு மட்டுமே கேட்கிறார்கள். எனவே வீடியோவும் பாதி போயிற்று. அந்த மூன்று எழுத்து இப்போது எதற்கும் சுருக்கமில்லை என்று வீடியோலேன் அமைப்பே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில், பதிவிறக்கங்கள் 600 கோடியைத் தாண்டிவிட்டதாக அது அறிவித்தது. இணைய உதவி இல்லாமல் கம்ப்யூட்டரே படத்தின் பேச்சைக் கேட்டு சப்-டைட்டில் எழுதும் வசதியையும் அப்போது காட்டியது. விடுதி மாணவர்கள் கனவிலும் நினைத்திராத வேலை. பெயர் மட்டும் பழசு.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய பிரச்னை இல்லை. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறார்கள்: காரணம் பற்றி வருவது காரணப்பெயர், காரணமின்றி முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை, மரம் ஏன் மரம் என்று கேட்கக்கூடாது. நான்கு கால் இருப்பதால் நாற்காலி. இன்று எந்த ஆபீசுக்குப் போனாலும் நடுவில் ஒரே தண்டும் அடியில் ஐந்து சக்கரமுமாகச் சுழலும் ஒரு சமாச்சாரத்தில்தான் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் பெயர் நாற்காலிதான். கால்களை எண்ணிப் பார்த்து யாரும் வழக்குப் போட்டதில்லை. காரணப்பெயராகப் பிறந்தது புழக்கத்தில் தேய்ந்து இடுகுறிப்பெயர் போல ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

எண்ணெயும் அப்படித்தான். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து எடுத்ததும் எண்ணெய், கடலையிலிருந்து எடுத்ததும் எண்ணெய், பூமிக்கு அடியிலிருந்து எடுத்ததும் மண்ணெண்ணெய் என்றானது. கடைசியில் எள் தன் பெயரையே பறிகொடுத்து, நல்லெண்ணெய் என்று அடைமொழி வாங்கிக்கொண்டு நிற்கிறது. கம்ப்யூட்டர் உலகத்திலும் இதன் சாயல்கள் உண்டு. ஃப்ளாப்பி டிஸ்க்கைக் கண்ணால் பார்த்திராத கல்லூரி மாணவர், கோப்பைச் சேமிக்க ஃப்ளாப்பியின் படத்தைத்தான் அழுத்துகிறார். ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டி 2004இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எழுதிய சொல் பாட்காஸ்ட். ஐபாட் விற்பனையை ஆப்பிள் 2022இல் முடித்துக்கொண்டது, பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பெயர் இன்னும் பொருந்துகிறதா என்று அகராதியை வைத்துக்கொண்டு கேட்பதில் பயனில்லை. பெரும்பாலும் பொருந்தாது. கேட்க வேண்டியது வேறு: அந்தப் பெயரை நம்பி உட்காருகிறவர் கீழே விழுகிறாரா? ஐந்து கால் நாற்காலியில் யாரும் விழுவதில்லை. மூன்று காலை உடைத்துவிட்டு நாற்காலி என்று விற்றால் விழுவார்கள். ஊடக சாஃப்ட்வேர்களின் கதையில் இரண்டுக்கும் உதாரணங்கள் இருக்கின்றன.

முதல் உதாரணம், அடுத்தவர் வீட்டு விலாசத்தைப் பெயரில் வைத்துக்கொண்ட சாஃப்ட்வேர். 2001இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் பூட்டை உடைத்து, அதில் சினிமா பார்க்கவும் பாட்டு கேட்கவும் சில ஆர்வலர்கள் எழுதியது எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர், சுருக்கமாக எக்ஸ்.பி.எம்.சி. பிற்பாடு அது லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் போயிற்று. 2010இல் எக்ஸ்பாக்ஸ் கிளை தனியே பிரிந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸில் ஓடாத சாஃப்ட்வேருக்கு எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று பெயர்! தேடி வருகிற புதியவர், தனக்கு எக்ஸ்பாக்ஸ் இல்லையே என்று திரும்பிப் போவார். இருக்கிறவர் ஏற்றிப் பார்த்து ஏமாறுவார். தவிரவும், பெயரின் பாதி மைக்ரோசாஃப்டின் சொத்து. தன் பெயரைத் தானே காத்துக்கொள்ள வழியில்லாத நிலை. 2014 ஆகஸ்டில் பெயரைக் கோடி என்று மாற்றினார்கள். தமிழ்க் காதுக்கு அது நூறு லட்சம். மற்றவர்களுக்கு அர்த்தமில்லாத ஓர் ஓசை. அர்த்தம் இல்லாததுதான் அதன் சௌகரியம். நாளைக்குச் சாஃப்ட்வேர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பெயர் பொய்யாகாது.

ஆனால் புதுப் பெயரும் ஆபத்துக்குத் தப்பவில்லை. திருட்டுப் படங்களைக் காட்டும் துணை நிரல்களைத் திணித்து, கோடி பெட்டி என்று பெயரிட்டுச் சந்தையில் சிலர் விற்றார்கள். தயாரித்த குழுவுக்கு அதில் சம்பந்தமில்லை. ஆனால் திருட்டுக்கு மறுபெயராக அவர்கள் பெயர் அடிபட்டது. சில நாடுகளில் அந்தப் பெயரைத் தங்கள் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய வேறு ஆட்கள் முந்திக்கொண்டதாக 2017இல் அவர்கள் புகார் சொன்னார்கள். அதே ஆண்டின் கடைசியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில், மைக்ரோசாஃப்டின் கடை வழியாகவே, கோடி வந்து சேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் என்று பெயர் இருந்தபோது பின்வாசல் வழியாக நுழைய வேண்டியிருந்தது. பெயரைத் துறந்த பிறகு முன்வாசல் திறந்தது.

இரண்டாவது உதாரணம், பானை சிறிது, பொங்கல் பெரிது என்றாகிவிட்ட ஐட்யூன்ஸ். 2001 ஜனவரியில் வந்தபோது பெயர் கச்சிதமாக இருந்தது. ட்யூன் என்றால் மெட்டு. வேலையும் பாட்டைச் சேர்த்துவைத்துக் கேட்பதுதான். 2003இல் பாட்டு விற்கும் கடை உள்ளே வந்தது. 2005இல் பாட்காஸ்டும் வீடியோவும். 2007இல் ஐபோனை உயிர்ப்பிக்கவே அதைத் திறக்க வேண்டும் என்றார்கள். 2008இல் போனுக்கான சாஃப்ட்வேர் கடை. சினிமா வாடகை, டி.வி. தொடர், ஒலிப்புத்தகம், போனின் நகலை எடுத்துவைக்கும் வேலை என்று எல்லாம் ஒரே ஜன்னலுக்குள். இந்தியாவில் அந்தக் கடை திறந்தபோது 2012 டிசம்பர் ஆகிவிட்டது; அதற்குள் பெயருக்கும் வேலைக்கும் இருந்த உறவு முற்றாக அறுந்திருந்தது. போனிலுள்ள படங்களைப் பத்திரப்படுத்த வேண்டுமா? மெட்டுக் கடைக்குப் போங்கள் என்பது வழிகாட்டியாகாது. 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் மெக் கம்ப்யூட்டர்களில் ஐட்யூன்ஸைக் கலைத்து, இசை, பாட்காஸ்ட், டி.வி. என்று மூன்றாகப் பிரித்தது. போனைக் கவனிக்கும் வேலை வேறு இடத்துக்குப் போயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது, கலைக்கப்பட்ட செய்தி வந்ததும் பயனாளர்கள் கேட்ட கேள்வி. எங்கள் பாட்டெல்லாம் என்ன ஆகும் என்பதே அது. பத்துப் பதினைந்து வருடம் சேர்த்த பாட்டு, அதற்குப் போட்ட நட்சத்திரம், வரிசைப்படுத்திய பட்டியல். பாட்டு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீட்டுக்குள் இருப்பதும் போய்விட்டது என்ற பயம் வருவது இயற்கை. பெயர் என்பது பயனாளருக்கு விளக்கமாக இல்லாமல் போனாலும் விலாசமாக இருக்கிறது. விலாசத்தை மாற்றுகிறவர்கள் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

சொல்லாமல் மாற்றினாலும், சொல்லிச் சொல்லி ஓயாமல் மாற்றினாலும் தொல்லைதான். மைக்ரோசாஃப்டின் இசை சாஃப்ட்வேர் 2006இல் ஸூன், 2012இல் எக்ஸ்பாக்ஸ் மியூசிக், 2015இல் க்ரூவ், 2022இல் விண்டோஸ் 11இல் அதன் இடத்துக்கு வந்தது மீடியா பிளேயர். விண்டோஸ் மீடியா பிளேயர் என்று வெகுநாளாக ஒன்று இருக்கிறதே என்றால், ஆம், அதுவும் ஒரு மூலையில் பழையது என்ற அடைமொழியுடன் வைக்கப்பட்டது. எள்ளுக்கு நேர்ந்த கதிதான். வித்தியாசம் என்னவென்றால், எண்ணெய் என்ற சொல் விரிவடைய நூற்றாண்டுகள் ஆயின; மக்கள் தாங்களே விரித்துக்கொண்டார்கள். இங்கே ஒரு கம்பெனி 16 ஆண்டுகளில் நான்கு பெயர் வைத்து, நடுவில் எக்ஸ்பாக்ஸையே பார்த்திராத குமாஸ்தாவின் கம்ப்யூட்டரிலும் எக்ஸ்பாக்ஸ் மியூசிக் என்று எழுதிவைத்தது.

மூன்றாவது உதாரணம் இந்தியர்களுக்கு மிக நெருக்கமானது: எம்.எக்ஸ். பிளேயர். தென் கொரியக் கம்பெனி ஒன்று 2011இல் ஆண்ட்ராய்டு போன்களுக்கு வெளியிட்ட சாஃப்ட்வேர் அது. போனுடன் வந்த சாஃப்ட்வேர் ஓட்ட மறுத்த படங்களையும் ஓட்டும். திரையில் விரலை மேலும் கீழும் இழுத்தால் சத்தமும் வெளிச்சமும் கூடும், குறையும். இணையக் கட்டணம் அதிகமாக இருந்த காலம் அது. நண்பர்களிடமிருந்தும் ரீசார்ஜ் கடையிலிருந்தும் மெமரி கார்டில் படம் ஏற்றிக்கொண்டு, கோரக்பூர் ரயிலிலும் குவாஹாட்டி ரயிலிலும் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு போன லட்சக்கணக்கான பேருக்கு அதுதான் தியேட்டர். பிளேயர் என்ற பெயர் முழுக்க முழுக்கப் பொருந்திய காலமும் அதுதான்: படம் உங்களுடையது, ஓட்டும் வேலை அதனுடையது.

2018இல் டைம்ஸ் இன்டர்நெட் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2019 பிப்ரவரியில் அது இலவசமாகத் தொடரும் சினிமாவும் காட்டும் ஓ.டி.டி. தளமாயிற்று. 2024இல் அமேசான் வாங்கி, தன் மினி டி.வி.யுடன் இணைத்து, அமேசான் எம்.எக்ஸ். பிளேயர் என்று பெயரிட்டது. போனிலுள்ள கோப்பை ஓட்டும் வசதியைப் பிடுங்கிவிடவில்லை. ஆனால் கடையே அதுவாக இருந்தது போய், பல அலமாரிகளில் ஓர் அலமாரியாயிற்று. கணக்கு எளிது. ஓட்டும் திறமையைக் காசு கொடுத்து எழுதிக்கொள்ளலாம். கோடிக்கணக்கான போன்களில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் ஒரு பெயரை அப்படிச் செய்துகொள்ள முடியாது. வாங்கப்பட்டது அந்த இடம்.

இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டு, காசில்லாமல் தொடர் பார்க்கக் கிடைத்ததில் பலருக்கு மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் பிளேயர் என்ற சொல்லுக்குள் நடந்த மாற்றம் சின்னது அல்ல. மெமரி கார்டில் இருந்த படம், சொந்தக்காரர் அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். ஓ.டி.டி. தளத்தில் இருக்கும் படம், உரிமம் முடிந்த அன்று போய்விடும். நடுநடுவே விளம்பரம் வரும். என்ன பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பதைத் தளம் கணக்கெழுதி வைக்கும். முன்பு ஆட்டுவித்தவர் பார்வையாளர். இப்போது அவர் பாதி ஆடுகிறவர். பெயரில் இந்த மாற்றத்தின் சுவடே இல்லை. நாற்காலியின் கால் எத்தனை என்பதல்ல இங்கே விஷயம். நாற்காலி யாருடையது என்பது மாறிவிட்டது.

சாஃப்ட்வேரை விடக் கோப்பின் பெயர் செய்யும் குழப்பம் இன்னும் கேலிக்குரியது. எம்.பி.3 பிளேயர்கள் இந்தியச் சந்தையில் குவிந்த காலத்துக்குப் பின்னாலேயே எம்.பி.4 பிளேயர் என்ற பெயர் வந்தது. மூன்றுக்கு அடுத்தது நான்கு, ஆகவே உசத்தி என்று வாங்கினார்கள். உண்மையில் இரண்டும் அண்ணன் தம்பி அல்ல. எம்பெக் என்ற சர்வதேச நிபுணர் குழு வகுத்த முதல் தரத்தில் ஒலிக்கான மூன்றாவது அடுக்கு எம்.பி.3. எம்.பி.4 என்பது அதே குழுவின் எம்பெக்-4 தரத்தைச் சேர்ந்த ஒரு பெட்டி. ஒலி, ஒளி, சப்-டைட்டில் எல்லாவற்றையும் அடைக்கலாம். ஒன்றில் 3 அடுக்கின் எண். மற்றதில் 4 தரத்தின் எண். இந்த நுணுக்கமெல்லாம் கடைத்தெருவுக்கு வேண்டியிருக்கவில்லை. சில வருடங்களில் கார் ஸ்டீரியோக்களில் எம்.பி.5 வந்துவிட்டது. அப்படி ஒரு தரத்தை எந்தக் குழுவும் வகுக்கவில்லை. பொருளே இல்லாத பெயர். எண் மட்டும் ஒன்று கூட.

எம்.பி.4இல் இன்னொரு வினையும் இருக்கிறது. அது பெட்டியின் பெயர் என்பதால், உள்ளே எந்த முறையில் சுருக்கிய படம் இருக்கிறது என்று அது சொல்லாது. 2003இல் வகுத்த ஹெச்.264 ஆகவும் இருக்கலாம்; பத்தாண்டு கழித்து வந்த ஹெச்.265 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கடைசி மூன்று எழுத்து ஒன்றே. கல்யாண வீடியோக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததை டி.வி.யின் பின்னால் செருகினால், போன வருடக் கல்யாணம் ஓடுகிறது, இந்த வருடக் கல்யாணம் ஓடவில்லை. வீடியோக்காரர் எம்.பி.4தானே கொடுத்தேன் என்கிறார். எம்.பி.4 ஓடும் என்றுதான் டி.வி.யின் அட்டைப் பெட்டியிலும் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பெயர்தான் பாதி உண்மையோடு நின்றுவிட்டது. இதில் விழுகிறவர், பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்கச் சோபாவில் வந்து உட்கார்ந்த பாட்டி.

பெயரின் பொருத்தம் பற்றிய பேச்சில் ஒரு முக்கியமான சம்பவத்தை விட்டுவிட முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து வீடியோலேன் அமைப்பின் இணையதளம் இந்தியாவில் திறக்கவில்லை. முன்னறிவிப்பு இல்லை, தடை உத்தரவும் அந்த அமைப்புக்குத் தரப்படவில்லை. அந்த ஏப்ரலில், வி.எல்.சி.யின் அசல் கோப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கூடவே நச்சுக் கோப்பை நுழைக்கும் ஓர் ஊடுருவல் கும்பலைப் பற்றிக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனமான சிமான்டெக் எழுதியது. உடனே இதற்கும் தடைக்கும் முடிச்சுப் போட்டு ஊகங்கள் கிளம்பின. கூம்பு என்றாலே வைரஸ் என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் பேச அது போதுமானதாக இருந்தது. அக்டோபரில், இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் அமைப்பின் உதவியோடு வீடியோலேன் மத்திய அரசின் இரு துறைகளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது.

வினோதம் என்னவென்றால், தடை இருந்த மாதங்களிலும் வி.எல்.சி. கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, போன் சாஃப்ட்வேர் கடைகளில். அடைபட்டது சொந்த வீட்டு வாசல் மட்டும். அசல் வாசல் அடைபட்டால் மக்கள் போலி வாசலுக்குப் போவார்கள் என்பது வீடியோலேன் தரப்பின் வாதம். அது வெறும் கற்பனை அல்ல. வி.எல்.சி. என்ற பெயரில் விளம்பரக் குப்பையைச் சேர்த்து விநியோகிக்கும் தளங்களைப் பற்றி 2011இலேயே அவர்கள் பகிரங்கமாகப் புகார் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று எழுத்தின் விரிவு பொய்யானதால் இத்தனை வருடமாக ஒருவரும் விழவில்லை. பெயருக்குப் பின்னால் இருப்பது அசல்தானா என்று தெரியாமல் போகும்போதுதான் விழுகிறார்கள்.

இந்த விவகாரத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் தமிழாக்கத்தில் பிளேயருக்கு இயக்கி என்ற சொல் வந்தது. பிரிண்டரையோ மவுஸையோ வேலை செய்யவைக்கும் டிரைவருக்கும் இயக்கி என்றே எழுதினார்கள். ஒன்று மறைந்திருந்து கருவியை ஓட்டுவது. மற்றது முன்னால் நின்று படத்தை ஓட்டுவது. இரண்டுக்கும் ஒரே பலகை. பெயரையே பெயர்க்கப் போனால் இன்னும் விபரீதம். வீடியோலேன் கிளையன்ட் என்பதை ஒரு புலவர் 2001இல் ஒளிக்காட்சி வளாக வலை வாங்கி என்று தமிழாக்கியிருந்தால், மூலப் பெயர் தன் பொருளை மறந்து நிம்மதியாக இருக்க, தமிழ்ப் பெயர் மட்டும் இல்லாத வளாகத்தையும் இல்லாத வலையையும் இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கும். காரணப்பெயரை மொழிபெயர்த்தால் அதன் காரணமும் சேர்ந்து வரும்; பொருள் மாறும்போது அந்தக் காரணம் சீக்கிரமாகப் பல்லிளிக்கும். திற, நிறுத்து, சத்தத்தைக் கூட்டு, சப்-டைட்டிலைக் காட்டு என்று வேலையைச் சொல்லும் சொற்களைத் தமிழில் தெளிவாக எழுதிவிட்டு, பெயரைப் பெயராக விட்டுவிடுவதே பத்திரம். பாட்டிக்கு வேண்டியதும் அதுதான்.

பெயர் வைக்கிறவர்களிடம் எதிர்பார்க்கக் கூடியதும் அதிகமில்லை. விரிவு பொய்யாகிவிட்டதே என்று பதறிப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. வேலை மாறினால், மாறியதைத் திறந்தவுடன் தெரியும்படி சொன்னால் போதும். சேர்த்துவைத்தது எங்கே இருக்கிறது, அதை வேறிடத்துக்கு எடுத்துப்போக வழி என்ன என்பதையும் சொன்னால் போதும். சொந்தக்காரர் மாறினால் அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலிக்கு எத்தனை கால் வேண்டுமானாலும் வைக்கலாம், உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் இழுக்காத வரை.

1990களின் கடைசியிலும் அடுத்து வந்த சில வருடங்களிலும் நடந்த கல்யாணங்கள் பல வீடுகளில் வி.சி.டி.யாகப் பீரோவில் கிடக்கின்றன. பிளாஸ்டிக் உறையின் மேல் மணமக்கள் பெயர், தேதி, ஸ்டூடியோவின் போன் நம்பர். இன்றைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் தட்டைப் போட வாயே இல்லை. வெளியே செருகும் டிரைவ் ஒன்றை வாங்கிவந்து போட்டால், உள்ளே எம்பெக்கேவி என்ற ஃபோல்டரில் படம் இருக்கும். ஆனால் கோப்பின் பெயரில் அது படம் என்பதற்கு அறிகுறியே இருக்காது, கடைசியில் டி.ஏ.டி. என்ற மூன்று எழுத்து மட்டும். டேட்டா என்பதன் மொட்டை. இரண்டு முறை தட்டினால், இதை எதைக்கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்கும்.

அதை இழுத்துக் கூம்பின் மேல் போட்டால் ஓடுகிறது. தட்டு கீறல் விழாமல் இருந்தால் நாதஸ்வரம் கேட்கும். இப்போது இல்லாதவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தன் பெயருக்கு அர்த்தம் இல்லாமல் போன அந்த சாஃப்ட்வேர், கோப்பின் பெயரையும் அதிகமாக நம்புவதில்லை. உள்ளே தொடக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.